ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி: கல்லடியில் ஒரு தவணை

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து சிறிது தூரத்தில், ஒரு வீட்டின் முன்விறாந்தையை அடைத்து நடத்தப்படும் கணினி வகுப்பில், தரம் 3 இல் படிக்கும் என் மகளை முதலாம் தவணை முழுவதும் சேர்த்திருந்தேன். சனி, ஞாயிறு பிற்பகல்களில் இரண்டு மணித்தியாலம், மாதக் கட்டணம் 3,500 ரூபாய், 12 பிள்ளைகள். 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று வாசலில் பதாகை தொங்குகிறது. என்னைப் போன்ற பெற்றோரை உள்ளே இழுத்ததும் அந்த வரிதான். நடத்துபவர் ஓர் இளைஞர். பழைய மடிக்கணினிகளைத் தாமே திருத்தி, பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாமல் கற்பிப்பவர். அதனால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. ஆயினும் இதே வரியைச் சொல்லி இன்னும் சிலர் வகுப்புத் தொடங்கக்கூடும் என்பதால், சிறு பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படலாம்.

முதல் நான்கு கிழமைகள் தட்டச்சுக்கே போயின; எனக்குப் பெரிய குறையாகப் பட்டதும் இதுதான். அங்குள்ள விசைப்பலகைகளில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ளன. ஒலிப்பை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித்தரும் மென்பொருளைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். 'அம்மா' என்று எழுத ஏ, எம், எம், ஏ என்று தட்ட வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இது வசதியானது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் தமிழ் எழுத்துகளே இப்போதுதான் கையில் படிந்துவரும் எட்டு வயதுப் பிள்ளை, தன் மொழியை எழுதுவதற்கு இன்னொரு மொழியின் நெடுங்கணக்கைச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. மூன்றாவது கிழமையில் என் மகள் நான்கு வரிக் கட்டுரையொன்றை அச்செடுத்து வந்தாள். அதில் 'நேற்று எங்கள் ஊரில் பெரிய மலை பெய்தது' என்று இருந்தது. ழகரத்துக்கு இசட்டும் எச்சும் சேர்த்துத் தட்ட வேண்டும் என்பதை மறந்து அவள் எல் விசையைத் தட்டியிருக்கிறாள். மென்பொருளும் தயங்காமல் மலையைக் கொடுத்துவிட்டது. தாளை வாங்கிப் பார்த்த என் அம்மா, "என்னகா இது, குடும்பிமலையா பெய்தது?" என்று கேட்டுச் சிரித்தார். அவளுடைய பாடசாலைக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதிய எல்லா இடங்களிலும் 'மழை' சரியாகவே இருந்தது. கை அறிந்திருந்த எழுத்தை விசைப்பலகை மறக்கச் செய்திருக்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. இலங்கையில் ரெங்கநாதன் தட்டச்சு அமைப்பை ஒட்டிய தமிழ் விசைப்பலகை இருக்கிறது. பாமினி எழுத்துருவில் பழகிய அலுவலகத்தார் பலரின் விரல்களும் தட்டச்சு இயந்திரத்தின் வழி வந்தவைதான். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டிப் பழக்கினால், பிள்ளை ழகரத்தைக் கண்ணால் பார்த்தே தட்டும். இதைச் சொன்னபோது ஆசிரியர் மறுக்கவில்லை. ஆனால் தவணை முடியும்வரை ஒட்டிகள் வரவில்லை.

ஐந்தாவது கிழமையில் ஸ்கிராட்ச் தொடங்கியது, வகுப்பும் வேறொன்றாக மாறியது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டைகளாக இழுத்துப் பொருத்தும் இந்த மென்பொருள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) உருவாகி 2007 இல் வெளிவந்தது, 8 முதல் 16 வயது வரையானோருக்கென வடிவமைக்கப்பட்டது, இலவசமானது. திரையின் நடுப்புள்ளி பூச்சியம். வலப்பக்கம் 240 வரையும், இடப்பக்கம் கழித்தல் அடையாளத்துடன் 240 வரையும் செல்கிறது. மறை எண்களைப் பாடசாலையில் இன்னும் தொடாத பிள்ளைகள், கழித்தல் போட்டால் திரையிலுள்ள மீன் படம் இடப்பக்கம் போகும் என்பதை ஒரே பிற்பகலில் பிடித்துக்கொண்டார்கள். மகளின் வகுப்பிலுள்ள ஒரு பையன் தன் குரலையே ஒலிப்பதிவு செய்து, சுட்டியால் தொட்டால் மீன் முனகும்படி செய்திருந்தான். மீன் பாடும் வாவிக்குப் பெயர்போன மட்டக்களப்பின் பிள்ளைக்கு மீன் என்றால் பாடத்தானே வேண்டும். கட்டணத்தில் பாதியாவது இந்தக் கிழமைகளுக்கே தகும்.

எனினும் நான் கண்ட மிகச் சிறந்த வகுப்பு, பதாகையின் வாக்குறுதி பொய்த்துப்போன நாளில் நடந்தது. முந்தின நாள் இரவு மின்வெட்டு. பழைய மின்கலங்கள் வேறு. 12 கணினிகளில் ஐந்துதான் இயங்கின. பிள்ளைகளை இரண்டு மூன்று பேராக அமர்த்தினார்கள். அழைத்துவர முன்னதாகவே போயிருந்த நான், விறாந்தைக்கு வெளியே நின்று அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் விசைகளின் ஓசை மட்டுமே கேட்கும் இடத்தில் அன்று சந்தைக் கூச்சல். என் மகள் சுட்டியைப் பிடித்திருக்க, பக்கத்துப் பிள்ளை திரையில் விரலை வைத்து, "இந்தக் கட்டையை மேல போடு, பிறகுதான் அது திரும்பும்" என்று சொல்ல, இவள் "இல்ல, அப்ப சுவரில முட்டும்" என்று மறுத்துக்கொண்டிருந்தாள். தனியே இருந்திருந்தால் இந்த ஏன், எதற்கு என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டாள். பிழைத்தால் அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்த்திருப்பாள்.

பிள்ளைக்கொரு கணினி என்ற எண்ணத்தை எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கொலஸ் நெக்ரொபொன்டே 2005 இல் 100 டொலர் மடிக்கணினித் திட்டமாக உலகுக்கு அறிவித்தார். விற்பனைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அதை மிகப் பெரிய அளவில் ஏற்ற நாடுகளில் பெரு ஒன்று. அங்கு 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012 இல் வெளியான அறிக்கை, மொழியிலும் கணிதத்திலும் புள்ளிகள் உயரவில்லை என்றும், பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது என்றும் கூறியது. எங்கள் விறாந்தையில் நான் கண்டதும் ஏறக்குறைய அதுதான்: மீனைத் திருப்பும் யோசனை வளர்ந்தது, தமிழ் எழுத்து வளரவில்லை. ஆகவே தரம் 5 வரை கொப்பியும் பென்சிலும் தங்கள் இடத்தில் இருக்கட்டும். கணினி இருவருக்கு ஒன்றாக, கிழமைக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்பதே என் கருத்து. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவும் என்று எதிர்பார்த்துச் சேர்ப்பவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

மற்றவை சுருக்கமாக: இடம் சுத்தம். இரண்டு மின்விசிறிகள் பங்குனி வெயிலுக்குப் போதவில்லை. மேசைகள் பெரியவர்களின் உயரத்தில் இருப்பதால் சிறியவர்கள் தோளைத் தூக்கிக்கொண்டே தட்டுகிறார்கள். மாலையில் நுளம்புத் தொல்லை உண்டு. இணைய இணைப்பைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதில்லை என்பது எனக்குப் பிடித்தது.

இருவருக்கு ஒரு கணினி என்று நிரந்தரமாக மாற்றினால் என்ன என்று ஆசிரியரிடம் கேட்டேன். "அப்படிச் செய்தால் பெற்றோர் அரைக் கட்டணம்தான் தருவோம் என்பார்கள், அம்மா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் தவணைக்கு மகளையும் அவளுடைய தோழியையும் ஒரே கணினியில் அமர்த்தும்படி கேட்டுச் சேர்த்திருக்கிறோம். கட்டணம் இருவருக்கும் முழுமையாகவே.