‘எத்தனை பாகம் ஆழம்?’ என்று கேட்ட ஆளை நம்பி அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. இதைப் படிக்கும் யாராவது இந்த நேரத்தில் அதே மாதிரி ஒரு கடைக்குப் பணம் அனுப்பப் போய்க்கொண்டிருக்கலாம் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் தூண்டில் சாமான்களை மட்டும் விற்கும் இணையக் கடை அது. பெயர் வேண்டாம், இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு வேறொன்று வைத்துக்கொள்ளும் வகை. கரையோரப் பாரில், அதாவது கடலடிக் கல் திட்டில், மீன் பிடிக்கத் தூண்டிலும் இரையும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

தூண்டில் எனக்குப் புதிதல்ல. ஆற்றிலும் குளத்திலும் பல வருடங்கள் போட்டிருக்கிறேன். கடல்தான் புதிது. நாலைந்து கடைகளுக்குச் செய்தி அனுப்பினேன். மற்றவர்கள் விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு ஓய்ந்தார்கள். இந்த ஆள் மட்டும் என்னிடம் திருப்பிக் கேட்டார்: “எத்தனை பாகம் ஆழம்? அடி மணலா, பாரா? நீரோட்டம் இழுக்குமா?”

எட்டுப் பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி, கடலில் ஆழம் அளக்கும் கணக்கு), கல்லும் பவளமுமான அடி என்றேன். “அப்படியானால் கலவா மீன் கவ்வும். கவ்விய நொடியில் பொந்துக்குள் பாயும். முதல் நாலைந்து அடி தூரத்துக்குள் நிறுத்தவில்லை என்றால் மீனும் இல்லை, முள்ளும் இல்லை. பிரெய்டு என்ற பின்னல் நூல் மெல்லியது, பலமானது. ஆனால் கல்லில் உரசினால் உடனே அறும். அதனால் கீழே இரண்டு பாகம் ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது முள்ளுக்கு மேலே கட்டும், உரசலைத் தாங்கும் தனி நூல், கட்டாயம்” என்றார்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இவ்வளவு தெரிந்தவர் பொருளில் கை வைக்க மாட்டார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பணம் கட்டியது மறுநாள். ஆனால் அரை மாதச் சம்பளம் என் கையை விட்டுப் போனது ‘எத்தனை பாகம்’ என்று அவர் கேட்ட அந்த நிமிடத்தில்தான்.

வந்தவை: கடலுக்கென்றே செய்ததாகச் சொன்ன ராட் (தூண்டில் கோல்), ‘உப்பு நீர் புகாத பேரிங்’ கொண்ட 5000 அளவு ரீல் (நூல் சுற்றும் கருவி), 30 பவுண்டு பிரெய்டு, 30 பவுண்டு லீடர், நுனி உள்ளே வளைந்த வட்ட முள் ஒரு கட்டு, உப்பிட்ட கணவாய்க் கீற்றுகள். அட்டைப் பெட்டிகளின் அழகைப் பார்த்தால் பூஜையில் வைக்கலாம் போலிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனேன். கணவாய்க் கீற்று தண்ணீர் பட்டதும் கூழாகிவிட்டது. நல்ல கணவாயின் குணமே தோல் போல முள்ளில் உறுதியாக நிற்பதுதான். இது உருகி உறைந்து மறுபடி உருகிய சரக்கு. உப்பைப் போட்டு மறைத்திருக்கிறார்கள். பொடி மீன்கள் நிமிடத்தில் முள்ளை வெறுமையாக்கின. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் இரக்கப்பட்டு ஒரு துண்டு மத்தி கொடுத்தார். அதற்குத்தான் கவ்வியது.

ராட் வளைந்த வளைவு இன்னும் கண்ணில் நிற்கிறது. டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை, கரையிலேயே தராசு வைத்து நாலு கிலோவுக்குச் சரிசெய்திருந்தேன். அந்த இழுப்பில் நூல் சுற்றிய ஸ்பூல் கொஞ்சமாவது சுழன்று நூல் விட்டிருக்க வேண்டும். அசையவில்லை, ஒட்டிக்கொண்டு நின்றது. ‘டப்’ என்று லீடர் அறுந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ரீலைச் சுற்றினால் உள்ளே மணலை அரைப்பது போல ஓசை. ஒரே ஒரு நாள் உபயோகம்.

அன்று இரவே படங்களோடு எழுதினேன். “வருத்தம் தெரிவிக்கிறோம், 48 மணி நேரத்தில் பதில் வரும்.” வரவில்லை. மறுபடி கேட்டதற்கு, “நல்ல தண்ணீரில் கழுவியிருக்க மாட்டீர்கள்.” கழுவினேன், பீய்ச்சி அடிக்காமல், மெதுவாகத்தான். பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும் என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான்! அடுத்து, “பாரில் உரசி அறுந்திருக்கும்.” உரசி அறுந்த நூலின் நுனி வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கும். என்னுடையது வழுவழுப்பாக, கடைசி ஒரு விரல்கடை சுருண்டிருந்தது. பாரம் தாங்காமல் அறுந்த நூல்தான் அப்படிச் சுருளும். கடைசியாக இன்று காலை: “பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது.” கடலில் போடாமல் கடல் தூண்டிலின் குற்றம் எனக்கு எப்படித் தெரியும்?

கோபத்தில் மிச்ச லீடரைத் தராசில் கட்டி இழுத்தேன். 30 பவுண்டு என்றால் 13 கிலோவுக்கு மேல். முடிச்சால் கொஞ்சம் பலம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். இது ஆறு கிலோவைத் தொடவில்லை. பிறகு ஒரு டம்ளர் நீரில் கரையாமல் மிஞ்சும் அளவுக்கு உப்பைப் போட்டுக் கலக்கி, துண்டு நூலை முடிச்சிட்டு, குமிழி ஒட்டாதபடி விரலால் அமுக்கிவிட்டேன். ஃபுளோரோகார்பன் நீரைவிட முக்கால் மடங்கு கூடுதல் கனம். அந்த உப்புக் கரைசலிலும் மூழ்கியே தீரும். இது மேலே வந்து மிதந்தது. சாதாரண நைலான் தங்கூசி நூல்! அதற்கா அரை மாதச் சம்பளம்?

தேர்வு செய்வது பற்றி விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது நிதானம் இல்லை, நினைவுக்கு வருவதை மட்டும் எழுதுகிறேன். லீடர் வந்தவுடன் அந்த உப்பு நீர்ச் சோதனையைச் செய்யுங்கள், கடலுக்குப் போவதற்கு முன்னால். டிராக்கைத் தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள். திணறாமல் ஒரே சீராக நூல் விட வேண்டும். அளவு, நூல் தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். ஈயக்குண்டை மட்டும் மெல்லிய தங்கூசியில் கட்டுங்கள். பாரில் சிக்கினால் குண்டோடு போகும், மற்றது மிஞ்சும். வட்ட முள் என்றால் மீன் கவ்வியதும் வெடுக்கென்று சுண்டி இழுக்காதீர்கள், சுற்றிக்கொண்டே இருங்கள், வாயோரத்தில் தானாக மாட்டும். இரையைத் தபாலில் வாங்கவே வாங்காதீர்கள்.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டேன், இப்போது அதையும் கேட்கிறார்கள்.