ஆல்ஃபாஃபோல்டு சர்வரில் ஆர்கோநாட்-2

மரபணுக்களின் செயல்பாட்டை ஒடுக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டில் இலக்கு ஆர்.என்.ஏ.வை வெட்டும் மனித ஆர்கோநாட்-2 நொதியைக் கணினியில் மாதிரியாக்க, கூகுள் டீப்மைண்டும் ஐசோமார்ஃபிக் லேப்ஸும் 2024 மே மாதம் வெளியிட்ட, மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் இணையச் சேவையான ஆல்ஃபாஃபோல்டு சர்வரைப் பயன்படுத்திப் பார்த்தேன். 859 அமினோ அமிலங்களின் வரிசை, 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள, நொதிக்கு இலக்கை அடையாளம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ., இரண்டு மெக்னீசியம் அயனிகள் ஆகிய மூன்றையும் ஒரே படிவத்தில் இட முடிவதுதான் இச்சேவையின் பெரிய பலம்; முந்தைய பதிப்பின் கணிப்புகளைக் கொண்ட தரவுத்தளத்தில் புரதம் மட்டுமே தனியாக நிற்கும்.

ஐந்து மாதிரிகள் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது நொதியின் வெட்டும் பகுதியான பிவியைத்தான் (PIWI): 597, 637, 669, 807ஆம் இடங்களிலுள்ள நான்கு அமினோ அமிலங்களும் அயனிகளைச் சூழ்ந்து நிற்கின்றனவா, வழிகாட்டியின் முதல் முனை நொதியின் மிட் (MID) பகுதியிலும் மறுமுனை பாஸ் (PAZ) பகுதியிலும் பொருந்தியிருக்கின்றனவா என்று சரிபார்க்காமல் அழகிய நீல நிறத்தை நம்பிவிடக் கூடாது. நீலம் கணிப்பின் உறுதியைக் காட்டுமே தவிர, நொதி வேலை செய்யும் விதத்தைக் காட்டாது.

வழிகாட்டியின் 10, 11ஆம் நியூக்ளியோடைடுகளுக்கு எதிரே இலக்கு ஆர்.என்.ஏ.வில் நிகழும் வெட்டை ஆராய, இந்த அசைவற்ற படம் போதாது. குரோமாக்ஸ் போன்ற மென்பொருளில் அணுக்களின் அசைவைக் கணக்கிடும் மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தலும், வேதிவினைக்குக் குவாண்டம் கணக்கீடும் தேவைப்படும். தொடக்கப் புள்ளி என்ற அளவில், கட்டணமின்றிக் கிடைக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் முடிவுகளை வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்த விதிகள் இடமளிக்காததால், மருந்து நிறுவனங்களில் பணியாற்றுவோர் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.