மிஷெல் கோண்ட்ரி டிவிடி: 2003ல வந்த டிஸ்க்க இப்ப வாங்கலாமா?

மொதல்லயே சொல்லிடறேன், இது புது சரக்கு கெடையாது. 2003ல பாம் பிக்சர்ஸ்காரங்க 'டைரக்டர்ஸ் லேபிள்'னு ஒரு வரிசை கொண்டு வந்தாங்க, மியூசிக் வீடியோ விளம்பரம்லாம் எடுக்கற டைரக்டருங்களுக்கு ஆளுக்கு ஒரு டிவிடி. ஸ்பைக் ஜோன்ஸ், கிறிஸ் கன்னிங்ஹாம், மிஷெல் கோண்ட்ரி, இவங்க மூணு பேருது மொதல்ல வந்துச்சு, 2005ல இன்னும் நாலு பேருது வந்துச்சு. அதுல கோண்ட்ரியோடது தான் இப்ப என்கிட்ட இருக்கு. குன்னூர்ல தெரிஞ்ச ஒருத்தர் வீட்ட காலி பண்றப்ப பழைய புக்கு கேசட்டுங்களோட சேத்து அட்டைப்பெட்டில போட்டு "உனக்கு தான் இதெல்லாம் ஆவும், எடுத்துட்டு போ"னு குடுத்தாரு. ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட்ல தேடுனா கெடைக்குது, வாங்கலாமா வேணாமானு யோசிக்கறவங்களுக்கு தான் இது.

நான் பண்றது கல்யாண வீடியோ எடிட்டிங். சீசன் வந்தா ப்ரீ வெட்டிங் ஷூட்டுனு பைக்காரா, பைன் ஃபாரஸ்ட், ஒன்பதாவது மைல்னு அதே எடம், அதே கலர் புகை, அதே ஸ்லோ மோஷன்ல துப்பட்டா பறக்கறது. பார்ட்டி வந்து ஒக்காந்ததும் போன நீட்டி "தம்பி, இதே மாதிரி வேணும்"னு ஒரு ரீல்ஸ காட்டுவாங்க, அந்த ரீல்ஸே இன்னொருத்தன் ரீல்ஸ பாத்து எடுத்ததா தான் இருக்கும். ஆக இந்த டிஸ்க்க நான் பாத்தது பாதி ரசிகனா, பாதி 'இந்தாளு இத எப்படிடா பண்ணாரு'னு நோண்டிப் பாக்கறவனா.

கோண்ட்ரி பிரான்ஸ்காரரு, 1963ல வெர்சாயில பொறந்தவரு, ஆரம்பத்துல டிரம்ஸ் வாசிச்சவரு. 'ஊய் ஊய்'னு ஒரு பேண்டு, அந்த பேண்டுக்கு வீடியோவும் இவரே எடுத்தாரு, அத பாத்துட்டு தான் ஐஸ்லாந்து பாடகி பியார்க் இவர கூப்ட்டு 1993ல 'ஹியூமன் பிஹேவியர்' எடுக்க வெச்சாங்க, அப்பறம் ரெண்டு பேரும் சேந்து நெறைய பண்ணாங்க. டிரம்மர்ங்கறத சும்மா பயோடேட்டானு தாண்டிப் போயிடாதீங்க. பாட்ட கேட்டா மத்தவங்களுக்கு கதை தோணும், இவருக்கு கணக்கு தான் தோணுது. எத்தன அடி, எங்க ரிப்பீட் ஆவுது, எந்த வாத்தியம் எப்ப உள்ள வருது எப்ப கழண்டுக்குது, அத அப்படியே கண்ணுல தெரியற மாதிரி வெச்சிடறாரு.

நல்ல உதாரணம் டாஃப்ட் பங்க்குங்கற பிரெஞ்சு எலக்ட்ரானிக் மியூசிக் ஜோடியோட 'அரவுண்ட் த வேர்ல்ட்', 1997ல வந்துது. பாட்டுல மொத்த வரியும் அந்த தலைப்பு தான், திரும்பத் திரும்ப அதே. இதுக்கு என்ன வீடியோ எடுக்கறதுனு நம்மள கேட்டா ட்ரோன் ஷாட் போட்டு ஒப்பேத்திருவோம். கோண்ட்ரி ஒரு வட்ட மேடைய போட்டு, அஞ்சு கோஷ்டிய எறக்கி, ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு சத்தத்த பிரிச்சு குடுத்துட்டாரு. ரோபோங்க அந்த மெஷின் குரலு. ஒசரமா, பொம்ம மாதிரி சின்ன தல வெச்ச அத்லெட்டுங்க பேஸ் லைன், அதாவது அடில ஓடற கனமான சத்தம், அந்த பேஸ் மேல போனா படி ஏறுவாங்க கீழ வந்தா எறங்குவாங்க. நீச்சல் டிரஸ் போட்ட பொண்ணுங்க கீபோர்டு, எலும்புக்கூடுங்க கிட்டாரு, மம்மிங்க டிரம் மெஷினு. டான்ஸ் அமைச்சது பிளாங்கா லீ. ஒரு வேலை பண்ணுங்க, ரெண்டு தடவ பாத்துட்டு மூணாவது தடவ மியூட்ல போட்டு பாருங்க, பேஸ் எங்க வருதுன்னு காதே தேவப்படாது. நம்ம பக்கம் படுகர் ஆல்பம் பாட்டு எடுக்கற பசங்களுக்கு இத கண்டிப்பா போட்டு காட்டணும். வட்டமா நின்னு கால் மாத்தி ஆடற ஆட்டம் ஏற்கனவே கைல இருக்கு, ஒரு வரிசைய டோலுக்கு ஒரு வரிசைய குழலுக்குனு பிரிச்சு விட்டா போதும், தேயிலைத் தோட்டத்துல ஹீரோ ஓடி வர்ற ஷாட்டே வேணாம்.

டிஸ்க்குல எனக்கு ரொம்ப புடிச்சது அது இல்ல, 'ஸ்டார் கிட்டார்' தான். கெமிக்கல் பிரதர்ஸ்ங்கற இங்கிலாந்து எலக்ட்ரானிக் மியூசிக் ஜோடியோட பாட்டு, 2002. மொத தடவ பாத்தா ரயிலு ஜன்னல்ல கேமராவ வெச்சுட்டு தூங்கப் போயிட்டான்னு தான் நெனைப்பீங்க, வெளிய கம்பம் போவுது, பாலம் போவுது, குடோன் போவுது, எதிர் ரயிலு போவுது, அவ்ளோ தான். கொஞ்ச நேரம் கழிச்சு தான் சுருக்குனு ஒறைக்கும், அடிக்கு ஒரு கம்பம், இன்னொரு சத்தம் புதுசா சேந்தா ஜன்னல்லயும் இன்னொரு கட்டடம் புதுசா வருது, அந்த சத்தம் நின்னா அந்த கட்டடமும் நின்னுருது. பிரான்ஸ்ல நீம்ஸ்கும் வாலான்ஸ்கும் நடுவுல ஓடற ரயில்லேர்ந்து எடுத்த ஃபுட்டேஜ வெட்டி ஒட்டி செஞ்சது. அதுக்கு முன்னாடி பாட்ட மொத்தமா கிராஃப் பேப்பர்ல போட்டு, ஆரஞ்சு, ஃபோர்க்கு, கேசட்டு, புக்கு, கிளாஸு, ஷூவெல்லாம் வரிசையா அடுக்கி எது எந்த சத்தம்னு ரிகர்சல் பாத்துருக்காரு. சாப்பாட்டு மேசை சாமான வெச்சு எடிட் பண்ற ஆள நெனச்சுப் பாருங்க.

பாத்ததும் கை சும்மா இருக்குமா, நம்ம ஊர்லயே ரயிலு இருக்குல்ல. குன்னூர்லேர்ந்து ஊட்டி போற மலை ரயில்ல, எங்கூட வேலை பாக்கற பையன கூட்டிட்டு, ஜன்னல் கம்பில போன கட்டி எடுத்தோம். இந்த ரயிலு வீடியோவுக்கு புதுசு இல்ல, 1998ல மணிரத்னம் 'உயிரே'ல தைய்யா தைய்யா பாட்டுக்கு இதே ரயிலு மேல தான் ஏத்தி ஆட விட்டாரு. நாங்க உள்ள ஒக்காந்து வெளிய பாத்தோம், அவ்ளோ தான் வித்தியாசம். வெலிங்டன் தாண்டுனா அரவங்காடு, அங்க வெடிமருந்து தொழிற்சாலை இருக்கறதால போன கீழ எறக்கிட்டோம், அப்பறம் கேத்தி, லவ்டேல். பிரச்சின என்னனா தேயிலச் செடிக்கு தாளமே இல்லீங்க, பச்சையா ஒரே இழுவையா போவுது. தைல மரம் நிக்கற எடம் வந்ததும் தான் உயிர் வந்துச்சு, ஒல்லி ஒல்லியா வெள்ளத் தண்டு ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டிட்டு போறது அப்படியே டிரம்ஸ்ல தட்டற ஹை ஹேட் தட்டு மாதிரி. கேத்தி பக்கம் கேரட் பாத்தி அடுக்கடுக்கா போறத கீபோர்டுக்கு வெச்சோம். பையன் டைம்லைன்ல மார்க்கர் போட்டு போட்டு, "அண்ணா, ரயிலு ஒரே ஸ்பீடுல போவ மாட்டேங்குது, வளைவுக்கு வளைவு ஸ்லோ ஆவுது, பீட்டு ஒக்கார மாட்டேங்குது"னு பொலம்பறான். உண்மை தான், இந்த லைன்ல மேட்டுப்பாளையம் ஊட்டி மொத்த தூரத்துக்கு 208 வளைவு. நேரா ஓடற லைன்ல அவரு பண்ணத வளைஞ்சு ஓடற லைன்ல பண்ணனும்னா பாட்டும் வளையணும். நாங்க எடுத்தது அர நிமிஷம் தேறும், ஆனா அந்த அர நிமிஷம் நல்லா தான் இருக்கு.

அடுத்தது ஆஸ்திரேலியா பாடகி கைலி மினோக்கோட 'கம் இன்டு மை வேர்ல்ட்', இதுவும் 2002. பாரிஸ் பக்கத்துல ஒரு தெரு முக்குல அந்தம்மா ஒரு சுத்து நடந்து வராங்க, ஆரம்பிச்ச எடத்துக்கு வந்தா இன்னொரு கைலி கெளம்பறாங்க, மூணாவது, நாலாவதுனு சேந்துட்டே போவுது. அவங்க மட்டும் இல்ல, தெருவுல சண்டை போடறவன், போஸ்டர் ஒட்டறவன் எல்லாரும் டபுள் ஆயிட்டே வராங்க. கேமரா ஒவ்வொரு சுத்தும் நூல் பிசகாம அதே பாதைல போவணும், மோஷன் கன்ட்ரோல்ல, அதாவது கேமராவ மெஷினே நகத்தற முறைல செஞ்சது. இப்ப க்ளோன் ரீல்ஸுனு பசங்க போன்லயே பண்றாங்க, ஆப்பே வந்துருச்சு. "அப்ப இதுல என்ன பெருசு"னு பையன் கேட்டான். ட்ரிக்கு பெருசு இல்லப்பா, பாட்டுல சரணம் திரும்பி வர்றப்ப தான் ஆளும் திரும்பி வராங்க, அத விடாம கடைசி வரைக்கும் இழுத்துட்டு போறாரு பாரு, அது தான். ரீல்ஸ்ல ட்ரிக்கு ஒரு தடவ நடக்கும், மக்கள் வாயப் பொளப்பாங்க, முடிஞ்சுது. இவருகிட்ட ட்ரிக்கு வெறும் ஆரம்பம். சிபோ மாட்டோங்கற பேண்டோட 'சுகர் வாட்டர்' பாருங்க, திரைய ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் முன்னாடி ஓடும், ஒரு பக்கம் பின்னாடி ஓடும், நடுவுல ரெண்டும் சந்திச்சு பக்கம் மாறிக்கும், இத ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க தல சுத்தும்.

நம்ம ஆளுங்க இதெல்லாம் பண்ணலயானா பண்ணாங்க. 1994லயே 'காதலன்'ல முக்காலா பாட்டு முடியறப்ப பிரபுதேவாவுக்கு தல இல்லாம கை கால் இல்லாம வெறும் டிரஸ் மட்டும் ஆடுச்சே, அன்னிக்கு தியேட்டர்ல விசில் பறந்துது.

விளம்பரங்களும் டிஸ்க்குல இருக்கு. லீவைஸ் ஜீன்ஸுக்கு பண்ண 'டிரக்ஸ்டோர்' மட்டும் போதும், அதிக அவார்டு வாங்குன டிவி விளம்பரம்னு கின்னஸ்ல ஏறுனது. கறுப்பு வெள்ளைல பழைய கால அமெரிக்க ஊரு, ஒரு பையன் மருந்துக் கடைக்கு வந்து ஆணுற டப்பா வாங்கி ஜீன்ஸ்ல இருக்கற குட்டி பாக்கெட்ல சொருகிக்கறான், சாயங்காலம் பொண்ண வெளிய கூட்டிட்டு போக வீட்டுக் கதவ தட்டுனா தொறக்கறது அதே கடைக்காரரு, பொண்ணோட அப்பா. வசனமே இல்ல, பாதி எடத்துல நம்மளே அந்த பையன் கண்ணு வழியா பாக்கறோம். ஒரு பாக்கெட்ட விக்கறதுக்கு இவ்ளோ கதை. ஸ்மிர்னாஃப் வோட்கா விளம்பரத்துல ஆள அப்படியே அந்தரத்துல நிறுத்தி கேமராவ சுத்த விடற வித்தைய, 1999ல 'மேட்ரிக்ஸ்' வர்றதுக்கு முன்னாடியே பண்ணிட்டாரு. இந்த மாதிரி கைவேல விளம்பரம்னா எனக்கு நம்ம ஊர்ல ஞாபகம் வர்றது 2009 ஐபிஎல் சமயத்துல வந்த வோடஃபோன் ஜூஜூ தான், எல்லாரும் கார்ட்டூன்னு நெனச்சுட்டு இருந்தோம், பாத்தா உள்ள ஆளுங்க டிரஸ் போட்டு நடிச்சுருக்காங்க.

இப்ப முக்கியமான கேள்வி, எல்லாம் யூடியூப்ல ஓசில கெடக்கறப்ப டிஸ்க்கு எதுக்கு? யூடியூப்ல மொத வீடியோ ஏறுனது 2005 ஏப்ரல்ல, இந்த டிஸ்க்கு வந்தது அதுக்கு ஒன்றர வருஷம் முன்னாடி, அன்னிக்கு இத வாங்கலனா இந்த வீடியோங்கள பாக்க டிவில எப்ப போடுவான்னு காத்துட்டு கெடக்கணும். இன்னிக்கு அந்த கட்டாயம் இல்ல. ஆனா கோண்ட்ரி ஆன்லைன் வீடியோவ பாத்து மூஞ்சிய சுளிச்ச ஆளும் இல்ல. 2007ல கால்ல ரூபிக்ஸ் க்யூப் சேக்கற மாதிரி ஒரு வீடியோ போட்டாரு, வீட்டுல ஒக்காந்து எடுத்தது. பாத்தவங்க சும்மா விடல, இது ரிவர்ஸ்ல ஓட்டுனது, சேந்த க்யூப கால்ல கலைச்சு திருப்பிப் போட்டுருக்காருனு கண்டுபுடிச்சு பதில் வீடியோ போட்டாங்க, இவரு அப்பறம் மூக்கால சேக்கற மாதிரி இன்னொண்ணு போட்டாரு. கோடி கோடியா செலவு பண்ற ஆளும் காலேஜ் பையனும் ஒரே மைதானத்துல வெளையாடுன காலம் அது. எனக்கு பழைய யூடியூப்ல புடிச்சதே அது தான், இப்ப ஒரு வீடியோ முடியறதுக்குள்ள அடுத்தது வந்து இடிக்குது, இதே ஸ்டார் கிட்டார போட்டா பாட்டு பாதில இன்சூரன்ஸ் விளம்பரம் வருது, கணக்கே ஒடஞ்சு போவுது. டிஸ்க்குல அந்த தொல்ல இல்ல. மழைக் காலத்துல இங்க டவர் படுத்தற பாட்டுக்கு அதுவே பெரிய நிம்மதி.

அதோட 'ஐ ஹேவ் பீன் ட்வெல்வ் ஃபாரெவர்'னு ஒரு டாக்குமெண்டரி இருக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், எடிட்டருங்க இதுக்காகவே வாங்கலாம். கனவு, சின்ன வயசு, அம்மானு எங்கெங்கயோ போவுது, நடுவுல நடுவுல எப்படி எடுத்தேன்னு சொல்றாரு.

கொற சொல்லணும்னா நெறைய இருக்கு. படம் டிவிடி குவாலிட்டி, பெரிய டிவில போட்டா மொழுக்குனு தெரியும், பெரும்பாலும் சதுர ஃப்ரேம், ரெண்டு பக்கமும் கறுப்பு. ஊய் ஊய் காலத்து பழைய வீடியோங்க கொஞ்சம் இழுவை, மொத தடவைக்கு தாண்டிருங்க. அவரு பேசற இங்கிலீஷ் பிரெஞ்சு வாடைல வரும், காத தீட்டிக்கணும். சில வீடியோல ஐடியா மேல ஐடியா போட்டு பாட்டையே முழுங்கிடறாரு, பியார்க்கோட 'பேச்சலரெட்' எனக்கு அப்படி தான் பட்டுச்சு, அத தலைல வெச்சு கொண்டாடறவங்க என்ன திட்டலாம், பரவால்ல. 2003ல நின்னு போன டிஸ்க்கு வேற, அதுக்கப்பறம் அவரு பண்ணது எதுவும் இதுல வராது.

சும்மா பாட்டு கேக்கறவங்களுக்கு வேணாங்க, யூடியூப்ல ஸ்டார் கிட்டாரையும் அரவுண்ட் த வேர்ல்டையும் ஹெட்ஃபோன் போட்டு பாத்துட்டு போங்க. வீடியோ எடுக்கறவன், எடிட் பண்றவன், விஸ்காம் படிக்கறவன், ஆல்பம் பாட்டு எடுக்கணும்னு சுத்தறவன் வாங்கலாம், ஆனா அநியாய வெலை சொன்னா வுட்டுருங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா டிஸ்க்கோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் ஓடற டிஸ்க்கு, ஒரு பக்கம் கீறலா இருந்தாலும் பாதி போச்சு. உள்ள வர்ற குட்டி புக்கு இருக்கானும் கேட்டுக்கோங்க, என் பெட்டில அது இல்ல. புது லேப்டாப்புல டிஸ்க்கு போட எடமே இருக்காது, நான் ஓட்டறது வீட்டுல தூசி புடிச்சு கெடந்த பழைய டிவிடி பிளேயர்ல. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் யாராச்சும் நல்ல பிளேயர் ரிப்பேர் பண்றவங்க இருந்தா சொல்லுங்க, என்னோடது ட்ரே வெளிய வர மறுக்குது, டிஸ்க்கு உள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கு.