சீக்கோ 5 (7009-3040): அப்பாவின் கைக்கடிகாரத்தை அடையாளம் கண்ட விதமும் அணிந்த அனுபவமும்

குவைத்திலிருந்து அப்பா கட்டிக்கொண்டு வந்த சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே முறுக்கேறி ஓடும்) கடிகாரம் அவருடைய மறைவுக்குப் பின் என்னிடம் வந்தது. ரசீதோ பெட்டியோ இல்லாததால், அது எந்த மாடல், எப்போது செய்யப்பட்டது என்று சொல்ல வீட்டில் ஒருவராலும் இயலவில்லை. இரண்டு ஆண்டுகளாக அதை அணிந்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1963இல் தொடங்கிய சீக்கோ 5 வரிசையில் எண்ணற்ற வடிவங்கள் வந்துள்ளன; ஆனால் என்னுடையதைப் போன்றவற்றின் டயலில் மாடலின் பெயர் இராது, சீக்கோ என்ற பெயரோடு 5 என்ற எண் பொறித்த கேடயச் சின்னம்தான் இருக்கும். விடை பின்மூடியில்தான் உள்ளது. என் கடிகாரத்தில் 7009-3040 என்று பொறித்திருக்கிறது. முதல் நான்கு இலக்கங்கள் உள்ளே ஓடும் மிஷினையும், அடுத்த நான்கும் கூட்டின் வடிவத்தையும் குறிக்கின்றன. தனியாக உள்ள ஆறிலக்க வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரிப்பு ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது, மாதம் (நவம்பர், டிசம்பருக்கு மட்டும் என், டி என்ற எழுத்துகள்). என்னுடையது 18 என்று தொடங்குவதால் ஆகஸ்ட் மாதம் என்பது உறுதியாயிற்று. ஆண்டு 1971ஆ, 1981ஆ, 1991ஆ என்பதை அந்த எண் சொல்லாது. 7009 மிஷின் 1971இல் வந்திருக்கவில்லை. ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த 1990ஆம் ஆண்டிலேயே அப்பா ஊர் திரும்பிவிட்டார். ஆகவே 1981தான். பின்மூடியின் இரண்டு இலக்கங்களும் அப்பாவின் வாழ்க்கையும் சேர்ந்து அந்த ஆண்டைச் சொன்னபோது நான் மிகவும் நெகிழ்ந்துபோனேன்.

டயலின் அடிவிளிம்பில், 6 மணிக்குக் கீழே, லென்ஸ் வைத்தால் மட்டுமே தெரியும் பொடி எழுத்தில் இன்னோர் எண் உண்டு. அதுவும் 7009 என்றே தொடங்குவதால், டயல் வேறொரு மிஷினுக்குரியது அன்று என்று தெரிந்துகொண்டேன். பழைய கடிகாரம் வாங்குவோர் இந்த ஒப்பீட்டைத் தவறாமல் செய்ய வேண்டும். கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி வருவது, வளைகுடாச் சந்தைக்கென்று வந்த கடிகாரம் என்பதற்கு இன்னொரு சான்று.

முதலில் நான் சென்ற கடையில் டயலுக்குப் புது வண்ணம் அடித்து, பின்மூடியையும் பாலிஷ் செய்து தருவதாகச் சொன்னார்கள். பாலிஷில் எண்கள் தேய்ந்துபோகும் என்பதால் மறுத்துவிட்டேன். வேறொருவரிடம் 1,400 ரூபாய்க்குச் சுத்தம் செய்து எண்ணெயிடும் வேலையை மட்டும் செய்துகொண்டேன்.

உராய்வைக் குறைக்கும் 17 கற்கள் கொண்ட இந்த மிஷின் நொடிக்கு ஆறு முறை துடிக்கிறது; இப்போது நாளுக்கு ஏறத்தாழ இருபது நொடி முந்துகிறது. இந்த வயதுக்கு அதை நான் குறையாகக் கருதவில்லை. குறைகள் இரண்டு: சாவியைத் திருகி வைண்டிங் கொடுக்க முடியாது, ஆட்டியே ஓடவைக்க வேண்டும், சாவியை இழுத்தாலும் நொடிமுள் நிற்காததால் மணியைத் துல்லியமாகத் திருத்த இயலாது. நான்கு மணிப் பக்கம் கூட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் சாவி மணிக்கட்டில் உறுத்துவதே இல்லை. நீர்புகாத் தன்மையை இனி நம்ப முடியாது என்பதால் குளிக்கும்போது கழற்றிவைக்கிறேன். கண்ணாடியின் கீறல்களை நீக்கவில்லை. மணி பார்க்க அவை தடையாக இல்லை.