கணக்கேட்டைப் படிக்கத் தெரிந்தவர்: செரிகோவர் நூலின் மறுபதிப்பு பற்றி

விக்தர் செரிகோவர் எழுதிய ‘ஹெல்லனிஸ்டிக் சிவிலிசேஷன் அண்ட் த ஜூஸ்’ (அலெக்சாந்தருக்குப் பிந்திய கிரேக்க நாகரிகமும் யூதர்களும்) என்ற நூலின் மறுபதிப்பை நான்கு மாதங்களுக்கு முன்பு இணையத்தில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் வகைப் பிரதி அது. நூலைப் பற்றியும், அது என் கைக்கு வந்து சேர்ந்த நிலையைப் பற்றியும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது முதல் தரம். அதைச் சுமந்து வந்த காகிதமும் பசையும் அப்படியல்ல.

காரைக்குடியில் இருக்கும் ஒருவருக்குப் பழங்கால யூதர்களின் வரலாற்றில் என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டார்கள். அப்பச்சியை, அதாவது என் தந்தையைப் பெற்ற ஐயா பர்மாவில் பியாப்போன் பக்கம் ஒரு மார்க்காவில் (நகரத்தார் வட்டிக்கடையில்) அடுத்தாளாக, அதாவது உதவியாளராகச் சேர்ந்து, பிறகு கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாளாக இருந்தவர். அவர் காலத்துப் பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் எங்கள் வளவில் ஒரு தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கடிதங்களைப் படித்துப் பழகியிருந்ததால், எகிப்தில் கிடைத்த 2,200 ஆண்டு பழைய வியாபாரக் கடிதங்களைக் கொண்டு வரலாறு எழுதிய ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், அவரைப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

செரிகோவர் 1894இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, அங்கிருந்து பண்டைய வரலாற்றுக்கு வந்து, 1921இல் பெர்லினுக்குப் போய் எட்வார்ட் மேயர், உல்ரிக் வில்க்கன் ஆகிய இருவரிடமும் பயின்றார். இவர்களில் வில்க்கன் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணங்களைப் படிப்பதில் அந்தக் காலத்தின் பெரிய ஆசான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தது எல்லாம் விளங்கிவிடும். அலெக்சாந்தர் காலம் முதல் ரோமர் காலம் வரை கிரேக்கர்கள் நிறுவிய நகரங்களைப் பற்றிய அவருடைய ஜெர்மன் ஆய்வு 1927இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1925இல், அவர் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து, அந்த ஆண்டில் தொடங்கிய எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்ந்திருந்தார். நாம் கையில் வைத்திருக்கும் நூலின் மூலம் 1931இல் எபிரேயத்தில் வந்தது. ஆங்கில வடிவம் 1959இல் வெளியானபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. அவர் 1958இல் காலமாகிவிட்டார்.

நூலின் உயிர் முதல் பகுதியில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் பாலஸ்தீனம் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களின் கையில் இருந்தது. இரண்டாம் தாலமியின் நிதியமைச்சரான அப்பொல்லோனியோசுக்கு அரசர் எகிப்தின் ஃபாயூம் பகுதியில் 10,000 அரூரா, அதாவது ஏறத்தாழ 6,800 ஏக்கர் நிலம் கொடுத்திருந்தார். அவரிடம் ஏஜெண்டாக இருந்தவர் செனோன். இவர் கி.மு. 259ஆம் ஆண்டில் முதலாளியின் காரியமாகப் பாலஸ்தீனம் முழுவதும் சுற்றிவந்தார். பிறகு ஃபாயூம் பண்ணையின் பொறுப்பை ஏற்றார். வந்த கடிதம், அனுப்பியதன் நகல், சிட்டை, ரசீது என்று எதையும் எறியாமல் கட்டி வைத்த மனிதர். அந்தக் கட்டுகள், 1914-15 குளிர்காலத்தை ஒட்டி, வயலுக்கு எருவாகப் போட மண் தோண்டிய குடியானவர்கள் கையில் கிடைத்தன. அவை பல நாடுகளின் நூலகங்களுக்குச் சிதறிப் போனாலும், ஏறத்தாழ 1,800 ஆவணங்கள் இன்று படிக்கக் கிடைக்கின்றன. நம் ஊர்களில் பேரேடுகள் பழைய பேப்பர்காரரின் தராசில் போனதைக் கண்ணால் கண்டவர்களுக்கு இந்த எண்ணிக்கை கொஞ்சம் பொறாமையைத் தரும். (கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை 1994இல் சென்னையில் நூலகமானது நம்முடைய நல்ல காலம்.)

அந்தக் கட்டில் இருந்து செரிகோவர் எடுத்துக் காட்டும் ஒரு கடிதத்தை மட்டும் சொல்கிறேன். ஜெத்தூஸ் என்ற யூதர் செனோனுக்குக் கடன்பட்டிருக்கிறார். வசூலிக்க ஸ்திராத்தோன் என்ற ஆள் வருகிறார். பணம் தராவிட்டால் ஈடு வைத்த பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று செனோனின் கடிதமும் வந்திருக்கிறது. உள்ளூர் அதிகாரி அலெக்சாந்திரோஸ் தன் மேலிடத்துக்கு எழுதுகிறார்: தான் மருந்து சாப்பிட்டதில் உடம்பு சரியில்லை, அதனால் நேரில் போக முடியவில்லை, ஸ்திராத்தோனுடன் தன் வேலைக்காரப் பையனை அனுப்பி ஜெத்தூசுக்குக் கடிதமும் கொடுத்தாராம், ஜெத்தூஸோ கடிதத்தைப் பொருட்படுத்தாமல் இருவரையும் அடித்து ஊரைவிட்டுத் துரத்திவிட்டானாம். மருந்து சாப்பிட்ட கதையை நம்புவதா வேண்டாமா என்பது வாசகர் விருப்பம். பர்மாவில் இருந்து வந்த எங்கள் வீட்டுக் கடிதங்களிலும் வசூல் நடக்காத மாதங்களில் மேலாளுக்குத் தவறாமல் காய்ச்சல் வந்திருக்கிறது. செரிகோவர் இந்தக் கடிதத்தில் இன்னொன்றைப் பார்க்கிறார்: எகிப்தின் நிதியமைச்சருடைய பெயர் கூட செல்லுபடியாகாத கிராமங்கள் யூதர் நாட்டில் இருந்தன என்பதை. ஒரு வராக்கடனில் இருந்து அரசாட்சியின் எல்லையைக் கணக்கிடுகிறார். இந்தத் திறமைக்காகவே நூலை வாங்கலாம்.

அடுத்து தோபியா குடும்பம். யோர்தானுக்குக் கிழக்கே செல்வாக்கோடு இருந்த தோபியா அரசருக்குக் குதிரை, நாய், கழுதை என்று அன்பளிப்பு அனுப்பிய கடிதங்கள் கிடைத்துள்ளன. அவருடைய மகன் யோசேப்பு வரிக் குத்தகையை மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு ஏலம் கேட்டு எடுத்ததும், 22 ஆண்டுகள் வசூலித்ததும், அலெக்சாந்திரியாவில் அவருடைய 3,000 தாலந்தைப் (தாலந்து அக்காலப் பெரும் பண அளவு) பார்த்துக்கொள்ள அரியோன் என்ற காரியஸ்தரை வைத்திருந்ததும் பழங்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதிய வரலாற்றில் இருந்து வருகின்றன. கடைசி மகன் ஹிர்க்கானு தந்தையின் கடிதத்தைக் காட்டி 1,000 தாலந்து கேட்க, பத்துக்கு மேல் கேட்பான் என்று எதிர்பாராத அரியோன் மறுக்க, முதலாளி மகன் காரியஸ்தரை விலங்கிட்டு விடுகிறான். இது பாதி கதை, பாதி வரலாறு என்பதைச் செரிகோவர் மறைக்கவில்லை. ஆனால், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன குடும்பங்களில் மேலாளுக்கும் முதலாளியின் பிள்ளைக்கும் நடுவில் ஓடும் உரசலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கங்களை மற்றவர்களைவிட வேகமாகப் படிப்பார்கள்.

இரண்டாம் பகுதியின் மையம் மக்கபேயர் கிளர்ச்சி. தமிழ் விவிலியத்தில் மக்கபேயர் நூல்களைப் படித்தவர்களுக்குக் கதை தெரியும். அப்போது பாலஸ்தீனம் தாலமிகளிடமிருந்து சிரியாவை ஆண்ட கிரேக்க அரசர்களின் கைக்கு மாறியிருந்தது. கி.மு. 175இல் யாசோன் 440 தாலந்து கொடுத்துத் தலைமைக் குரு பதவியை வாங்கினார். உடற்பயிற்சிக் கூடம் நிறுவவும், எருசலேம் மக்களை அந்தியோக்கியராக, அதாவது மன்னர் அந்தியோக்கின் பெயர் கொண்ட நகரத்தின் குடிமக்களாகப் பதிவு செய்யவும் மேலும் 150 தருவதாகச் சொன்னார். பிறகு மெனலா 300 கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, பதவியை வாங்கி அவரை வெளியேற்றினார். கி.மு. 167இல் அந்தியோக்கு மன்னர் யூத சமயத்தைத் தடை செய்தார். தடை வந்ததால் கலகம் வந்தது என்பதே வழக்கமான வரிசை. செரிகோவர் அதைத் திருப்பிப் போடுகிறார்: கலகம் முன்பே தொடங்கிவிட்டது, அதை அடக்கத்தான் தடை வந்தது. வரலாற்றாசிரியர் எலியாஸ் பிக்கர்மன் 1937இல் வெளியிட்ட நூலில், தடையைத் தூண்டியவர்கள் மெனலாவைச் சேர்ந்த தீவிரச் சீர்திருத்தக்காரர்களே என்று வாதிட்டிருந்தார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால், பெர்லினில் நகர நிறுவல்களைப் பற்றி எழுதியவர் என்பதால், யாசோன் செய்ததைச் சமய மாற்றமாகப் பார்க்காமல், எருசலேமைக் கிரேக்க முறையிலான நகரமாக மாற்றும் சட்ட ஏற்பாடாகப் படிக்க அவரால் முடிந்தது. இந்த இடத்தில் அவருடைய இளமைக் காலப் படிப்பு அசலோடு வட்டியாகத் திரும்பி வருகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. செரிகோவர் கணக்கில் பணக்காரர் என்றாலே கிரேக்கப் பக்கம், ஏழை என்றாலே யூத மறையின் பக்கம். தோபியா தன் கடிதத்தில் ‘தெய்வங்களுக்கு மிக்க நன்றி’ என்று பன்மையில் எழுதியதை அவருடைய சமயத் தளர்ச்சிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். கிரேக்க எழுத்தர் கை பழகியபடி எழுதிய கடித வாசகமாக அது இருக்கக் கூடாதா? எங்கள் ஐயா கடிதங்கள் எல்லாம் பிள்ளையார் சுழியோடும் ‘சிவமயம்’ என்ற தலைப்போடும்தான் தொடங்குகின்றன. அந்தத் தலைப்பை வைத்து மட்டும் யாருடைய பக்தியையும் அளக்க நான் துணியமாட்டேன். ரங்கூன் வட்டியில் வந்த பணம் எத்தனை சிவன் கோயில் திருப்பணிக்குப் போனது என்பதை அறிந்த ஊரில் இருந்து பார்த்தால், செல்வமும் பக்தியும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்ற எண்ணம் சற்று அவசரமாகத் தெரிகிறது.

இதற்கு மாற்று மருந்தும் அவரிடமே இருக்கிறது. வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளை அவர் ‘கார்ப்பஸ் பாப்பிரோரம் ஜுடைக்காரம்’ என்ற தொகுப்புக்குக் கொடுத்தார். எகிப்தில் யூதர்களைக் குறிப்பிடும் பாப்பிரஸ் ஆவணங்களையும் எழுதப்பட்ட ஓட்டுச் சில்லுகளையும் ஒன்றுசேர்த்த வேலை அது. 1948க்குப் பிறகு பல்கலைக்கழகத்தின் பழைய மலை வளாகம் துண்டிக்கப்பட்டு நூலகமும் அங்கே அகப்பட்டிருந்த காலத்தில், அலெக்சாந்தர் ஃபுக்சுடன் சேர்ந்து 1957இல் முதல் தொகுதியை வெளியிட்டார். இரண்டும் மூன்றும் 1960, 1964 ஆண்டுகளில் வந்தன. மூன்றாவதில் மெனாகெம் ஸ்டெர்னும் சேர்ந்துகொண்டார். நான்காவது தொகுதி வர 2020 ஆயிற்று. யூதர் என்றால் வட்டிக்கு விடுபவர் என்ற பேச்சு எகிப்து ஆவணங்களில் நிற்கவில்லை. அங்கே இருப்பவர்கள் படைவீரர், குடியானவர், குயவர், மேய்ப்பர், சிறு அதிகாரிகள் என்று அவர் வரிசையாகக் காட்டினார். நகரத்தார் என்றாலே சினிமாவில் வரும் ஒரே மாதிரி வட்டிக்கடைக்காரர் என்று கேட்டுச் சலித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று விளக்க வேண்டியதில்லை. நண்பர் அனுப்பிய படிகளில் முதல் தொகுதியின் பத்தாம் ஆவணத்தைப் பார்த்தேன். செங்கல் வந்து இறங்கிய கணக்கு. நாள்தோறும் இத்தனை செங்கல் என்று போகிறது. ஏழாம் நாளுக்கு நேரே எண் இல்லை, ‘சபாத்து’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

இனி பிரதியைப் பற்றி. பழைய அச்சை ஸ்கேன் செய்து அப்படியே அடித்திருக்கிறார்கள். குறிப்புகளில் வரும் கிரேக்க எழுத்துகள் மை ஊறிப் படிக்க முடியாமல் இருக்கின்றன. இரண்டு பக்கங்கள் கோணலாக அச்சாகி வரியின் கடைசிச் சொற்கள் வெட்டுப்பட்டுவிட்டன. பசை பத்து நாளில் விட்டு, நடுவில் ஒரு கட்டு தனியே கையோடு வந்தது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. பிறகு, கணக்கு நோட்டுகளுக்கு பைண்டிங் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். பெரியவர் முதுகைப் பிரித்து, நூல் கோத்துத் தைத்து, சிவப்புக் காலிகோ ஒட்டி 220 ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது மேசையில் வைத்தால் எந்தப் பக்கத்திலும் தட்டையாக விரிந்து நிற்கிறது.

வாங்க நினைப்பவர்கள் பழைய அச்சுப் பிரதி கிடைத்தால் கூடுதல் விலை ஆனாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காதவர்கள் இந்த மறுபதிப்பை வாங்கி, வந்த அன்றைக்கே பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தையல் கூலி 220 ரூபாயையும் விலையோடு சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.