31 வயதில் ஐடிஐ: வெல்டரா, எலக்ட்ரீசியனா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் இந்த வருடம் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஐடிஐயில் சேரலாம் என்று இருக்கிறேன், வெல்டர் எடுக்கட்டுமா, எலக்ட்ரீசியன் எடுக்கட்டுமா? மூவருமே பள்ளிக்கூடம் பக்கம் போய்ப் பல வருடம் ஆனவர்கள். ஒருவர் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறார், ஒருவருக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை, இன்னொருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். 2022இல் என் 31ஆவது வயதில் நானும் இதே குழப்பத்தில்தான் இருந்தேன். எலக்ட்ரீசியன் எடுத்தேன். அதனால் நான் சொல்வது அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வயதுக் கவலையை முதலில் முடித்துவிடலாம். அரசு ஐடிஐயில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் இரண்டு டிரேடுக்கும் ஒன்றுதான். வெல்டருக்கு எட்டாம் வகுப்பு போதும், படிப்பு ஒரு வருடம். எலக்ட்ரீசியனுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும், படிப்பு இரண்டு வருடம். கூடப் படிக்கும் பையன்களுக்குப் பதினேழு வயது இருக்கும், அண்ணா என்று கூப்பிடுவார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். அந்தக் கூச்சத்துக்காக இதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வருடமா, இரண்டு வருடமா என்பதுதான் குடும்பஸ்தனுக்கு முதலில் உறுத்தும். எனக்கும் உறுத்தியது. மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். மனைவியின் அண்ணன் ஆர்கான் வெல்டர், அதாவது ஆர்கான் வாயுவை விட்டு வெல்டு போடுபவர். மணலிப் பக்கம் ஆலைகளில் இருபது வருடம் வேலை பார்த்தவர். "ஒரே வருஷம் மாப்ள. வெளியே வந்தா மறுநாளே உன்ன வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை, செய்யக்கூடியவர். ஏற்கெனவே ஒரு ஷட்டவுனில் என்னைத் தனக்கு ஹெல்பராக வைத்துக்கொண்டவரும் அவர்தான்.

ஷட்டவுன் என்றால் வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆலையை மொத்தமாக நிறுத்தி, பழைய குழாய்களை வெட்டி எடுத்துப் புதியது போட்டு, குறித்த தேதிக்குள் திரும்ப ஓடவிட வேண்டும். அந்த நாட்களில் வெல்டருக்கு இருக்கும் மரியாதையே தனி. எனக்கு நாளைக்கு 650 ரூபாய், மச்சானுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், ஓவர்டைம் தனி. 7018 என்ற வெல்டிங் ராடைச் சூட்டுப் பெட்டியிலிருந்து நாலைந்தாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. மொத்தமாக வெளியே எடுத்து வைத்தால் கடற்காற்றில் ராடு ஈரம் இழுத்துவிடும், பிறகு வெல்டில் விரிசல் வரும். அவர் ஒரு சுற்று போட்டு முடித்ததும் கசடைத் தட்டி, கிரைண்டர் பிடித்து, பிரஷ் போட்டுத் துடைப்பேன். ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நின்றுவிட்டேன். அந்த நேரம் ஒன்றும் தெரியவில்லை. நடு இரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. அம்மா உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைத்துவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் நான் வெல்டரை விட்டதற்குக் காரணம் கண் எரிச்சலோ சூடோ கிடையாது. எந்த வேலையில்தான் அடிபடாமல் இருக்கிறோம். காரணம், நான் ஐடிஐ விண்ணப்பம் போடுவதற்குச் சில மாதம் முன்பு மச்சானுக்கு நடந்தது.

தோள்பட்டை வலி என்று ஏழு மாதம் வீட்டில் இருந்தார். சரியானதும் ஒரு ஒப்பந்ததாரரிடம் போனார். கேட்டிலேயே டெஸ்ட் வைத்தார்கள், 6ஜி. குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் குழாயைச் சுற்றிப் போக வேண்டும். கீழே போடும்போது தலைக்கு மேல் கை, பக்கவாட்டில் வேறு வாகு, மேலே வரும்போது இன்னொரு வாகு. முதலில் அடியில் போடும் ரூட், அப்புறம் இடைவெளியை நிரப்பும் ஃபில்லிங், கடைசியில் மேலே மூடும் கேப்பிங். இதில் தேறியவருக்குக் குழாயில் மற்ற நிலைகளும் சேர்ந்தே கிடைத்துவிடும் என்பதால்தான் 6ஜிக்கு அவ்வளவு மதிப்பு. மச்சான் போட்ட கேப்பிங், மேலிருந்து பார்க்கக் காசு அடுக்கியதுபோல் அழகாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அடியில் ஒரு சின்ன இடத்தில் ரூட் உள்ளே இறங்கவில்லை. ஃபெயில். இருபது வருடக் கை அது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. பிரஷர் குழாய் வேலைகளில் வெல்டரின் தகுதியைப் பெரும்பாலும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் செக்‌ஷன் 9 விதிப்படி பார்க்கிறார்கள். எந்த முறையில் டெஸ்ட் தேறினீர்களோ அந்த முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வெல்டு போடாமல் இருந்தால் அந்தத் தகுதி போய்விடும். ஆர்கானில் தேறியவர் ஆறு மாதமும் ராடு வெல்டிங் மட்டும் போட்டிருந்தால் ஆர்கான் தகுதி காலி. அதோடு, டெஸ்ட் வைத்த கம்பெனியின் பொறுப்பில் இருக்கும் காகிதம் அது. ஒப்பந்ததாரர் மாறினால் பெரும்பாலும் திரும்ப முதலிலிருந்து டெஸ்ட்தான். ஐடிஐ சான்றிதழ் ஆயுளுக்கும் இருக்கும், ஆனால் நல்ல சம்பளம் தருவது ஐடிஐ சான்றிதழ் கிடையாது, இந்த 6ஜி காகிதம். அதை உயிரோடு வைத்திருக்க ஓயாமல் வேலையில் இருக்க வேண்டும்.

ஓயாமல் வேலை எங்கே இருக்கிறது? மணலியில் ஒரு ஷட்டவுன் முடிந்தால் அடுத்தது ஜாம்நகரில், பாரதீப்பில், வளைகுடாவில். போகத் தயாராக இருப்பவர்களுக்குக் குறையே இல்லை. நான் தயாராக இல்லை. அப்பா சிறுநீரகத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தார், கூட்டிப்போக வீட்டில் ஆள் வேண்டும். சரி, உள்ளூரிலேயே கேட், கிரில், ஷட்டர் வேலை செய்யலாமே என்றால் செய்யலாம். காசிமேட்டில் படகு வேலையும் உண்டு. ஆனால் அதற்கு வரும் கூலி வேறு, ஷட்டவுன் கூலி வேறு. ஷட்டவுன் கூலியைக் காட்டித்தான் எல்லோரும் வெல்டர் டிரேடுக்கு ஆசை காட்டுகிறார்கள்.

வயதும் இதோடு சேர்கிறது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். மச்சான் ஹெல்மெட்டுக்குள் தனியாக ஒரு லென்ஸ் மாட்டித்தான் ரூட் போடுகிறார். பதினெட்டு வயதில் வெல்டர் படித்தவனுக்கு நல்ல கண்ணோடு இருபது வருடத்துக்கு மேல் கிடைக்கும். முப்பத்திரண்டில் முடித்து வரும் எனக்குப் பத்து வருடம்கூடத் தேறாது. ஒரு ராத்திரி இந்தக் கணக்கைத்தான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். மச்சான் அடுத்த டெஸ்டில் தேறிவிட்டார், இன்றும் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எலக்ட்ரீசியனுக்கு வருகிறேன். முதல் வருடம் ஜாயிண்ட், வீட்டு ஒயரிங், எர்த்திங், பேட்டரி, டிரான்ஸ்ஃபார்மர். இரண்டாம் வருடம் மோட்டார், வைண்டிங், கன்ட்ரோல் பேனல், சோலார். கணக்கும் படமும் வரும். பத்தாம் வகுப்போடு விட்டவர்களுக்கு முதல் மூன்று மாதம் கஷ்டம்தான், எனக்கு ஓமின் விதியே தினம் ராத்திரி மகளின் சிலேட்டில் போட்டுப் பார்த்துத்தான் வந்தது. மாலையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரு வைண்டிங் கடையில் உட்கார்ந்தேன். இந்த டிரேடில் பெரிய வசதி இதுதான், படிக்கும்போதே கையில் ஏதோ வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் தண்ணீர் வடிய நாளானது. அதற்குப் பிறகு கடைக்கு வெளியே சம்ப் மோட்டார்களாக வரிசையில் கிடந்தன, ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயரைச் சாக்பீஸில் எழுதி வைத்தோம். பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்கைக் கழற்றிவிட்டு, காயிலைப் பெட்டிக்குள் வைத்து 200 வாட் பல்பு போட்டு இரவு முழுக்கக் காயவைப்போம். காலையில் மெக்கரை, அதாவது காயிலின் இன்சுலேஷனை அளக்கும் கருவியை, சுற்றிப் பார்க்கும்போது எல்லோரும் முள்ளையே பார்ப்போம். ஒரு மெகா ஓமுக்கு மேல் நின்றால் பிழைத்தது. பூஜ்யத்துக்கு ஓடினால் காயிலை வெட்டி எடுத்துவிட்டு, சுற்று எண்ணி, பழைய கம்பியின் கேஜ் (தடிமன்) பார்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். அதே வாரம் வகுப்பில் சார் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் நடத்தினார். பலகையில் அவர் எழுதிய எண்ணை நான் அன்று காலைதான் மெக்கரில் பார்த்திருந்தேன். முப்பது வயதுக்கு மேல் படிக்க வந்ததில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது.

நம் ஊரில் எலக்ட்ரீசியனுக்கு வேலை தேடிப் போக வேண்டாம், கடலே அனுப்பிவைக்கிறது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளைத் திறந்து பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு முனை பச்சை பூத்திருக்கும், ஸ்க்ரூ துருப்பிடித்து லூஸாகி, அந்த இடம் சூடேறிச் சுவிட்ச் கருகியிருக்கும். எர்த் கம்பி குழிக்குள் போவதற்கு முன்பே அற்றுப்போயிருக்கும். அங்கே எர்த்தைச் சரிசெய்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்சை, மாட்டிவிட்டு வந்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. குளியலறை ஹீட்டரில் போன உயிர்கள் நமக்குத் தெரியும்.

தகுதியைப் பராமரிப்பது என்ற கணக்கில் இந்தப் பக்கம் எவ்வளவு இலகு என்று பாருங்கள். ஐடிஐ சான்றை வைத்துக் கம்பியாள் (ஒயர்மேன்) சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். அதை அவ்வப்போது கட்டணம் கட்டிப் புதுப்பித்தால் சரி. அப்பாவுக்காக நான் இரண்டு மாதம் வேலைக்கே போகாமல் இருந்தபோது என் சான்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, திரும்பி வந்ததும் பழைய வீட்டுக்காரர்களே கூப்பிட்டார்கள். வயது ஏற ஏற நம்பிக்கை கூடும் தொழில் இது. தலை நரைத்த எலக்ட்ரீசியனிடம்தான் மெயின் போர்டைக் கொடுப்பார்கள்.

இன்னும் சில கதவுகளும் உண்டு. மின்வாரியக் கள உதவியாளர் பணிக்கு எலக்ட்ரீசியன், ஒயர்மேன் சான்றைக் கேட்கிறார்கள். ரயில்வேயில் அசிஸ்டன்ட் லோகோ பைலட் பணிக்கு எலக்ட்ரீசியன் செல்லும், வெல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அதற்கு வயது தாண்டிவிட்டது, 25 வயதுக்காரர் கவனிக்க வேண்டியது. பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், ஒரு வருட வெல்டர் படிப்புக்கு அந்த வழி கிடையாது.

எனக்கு அனுபவம் குறைவான இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வெல்டிங்கை நான் ஹெல்பராகப் பார்த்ததோடு சரி, கையில் டார்ச் பிடித்து ஒரு ரூட்கூட முழுதாகப் போட்டதில்லை. வெளிநாட்டு வாழ்க்கை தெரியாது. படிப்பு முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது, ஷட்டவுன் மாதத்தில் மச்சான் வாங்குவதை நான் இன்னும் எந்த மாதமும் தொட்டதில்லை. வைண்டிங்கில் ஒரு பயமும் இருக்கிறது. எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வந்தபிறகு பழைய சீலிங் ஃபேன் சுற்ற வருவது குறைந்துகொண்டு வருகிறது. அந்த ஃபேனில் போவது பெரும்பாலும் போர்டுதான். அதனால் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கொஞ்சம் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன்.

மூன்று பேருக்கும் நான் சொன்னது ஒன்றாக இல்லை. கண்டெய்னர் யார்டு தம்பிக்கு 23 வயது, கல்யாணம் ஆகவில்லை, எங்கே வேண்டுமானாலும் போகிறேன் என்கிறான். அவனை வெல்டர் எடுக்கச் சொல்லி மச்சானிடம் அனுப்பிவைத்தேன். ஷேர் ஆட்டோக்காரர் இன்னும் யோசிக்கிறார், இரண்டு வருடம் ஆட்டோ கடனை எப்படிக் கட்டுவது என்ற அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஐஸ் பெட்டி தூக்கும் அண்ணனுக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். எலக்ட்ரீசியன் என்று முடிவு செய்துவிட்டார். நேற்று ராத்திரி பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து காட்டினார். ஆதாரில் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியல் அதில் இல்லை. சேர்க்கை தொடங்குவதற்குள் அதைச் சரிசெய்ய வேண்டும், திங்கட்கிழமை காலை இ-சேவை மையத்துக்கு நானும் கூடப் போகிறேன்.