மேய்ச்சல் தரையைக் கண்காணிக்க எந்தச் செய்மதி?

கிழக்கின் மேய்ச்சல் தரைகளுக்குக் கொழும்பில் இருந்து திட்டம் வரைவோர், எந்தச் செய்மதிப் படம் தெளிவானது என்று கேட்பதற்கு முன்னர், மாடு வளர்ப்போருக்குப் புல்லின் நிலை எப்போது தெரிய வேண்டும் என்று கேட்க வேண்டும். பெரும்போகத்துக்கு வயல்கள் விதைக்கப்பட்டதும் பட்டிகளை மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை போன்ற தரைகளுக்குக் கொண்டுசெல்கிறார்கள். அறுவடைக்குப் பின்னரே மாடுகள் வயல்வெளிக்குத் திரும்புகின்றன. புல் பற்றிய தகவல் மிகவும் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் வடகீழ்ப் பருவமழையின் முகில் வானத்தை மூடியிருக்கிறது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் எடுக்கும், ஒரு கட்டம் தரையில் 10 மீற்றரைக் குறிக்கும் படத்தில் ஒரு குளக்கரையின் புல்லைக்கூடப் பிரித்தறியலாம். முதற் செய்மதி 2015 இலும் இரண்டாவது 2017 இலும் ஏவப்பட்டதால், ஒரே இடம் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை படமாகிறது. ஆயினும் மார்கழிப் படமொன்றைத் திறந்தால், வெண்முகில் மறைக்கும் பரப்புக்கு அப்பால், முற்பகல் வெயிலில் அதன் நிழலும் வடமேற்கே தரைமேல் விழுந்திருக்கும். அந்த நிழலை நீக்காமல் தரையின் பசுமையை எண்ணாகத் தரும் தாவரச் சுட்டியைக் கணித்தால், செழித்த புல்லும் பச்சை குன்றியதாகப் பதிவாகிவிடும். நாசா செய்மதிகளில் உள்ள மோடிஸ் உணரி நாள்தோறும் பார்ப்பதால், 16 நாட்களில் கிடைப்பவற்றுள் முகில் குறைந்த அளவீட்டைத் தெரிந்தெடுத்துத் தொகுக்க முடிகிறது. ஆனால் அதன் 250 மீற்றர்க் கட்டம் ஒவ்வொன்றும் 6.25 ஹெக்டேயரை உள்ளடக்குவதால், புல், பற்றை, வயல் மூன்றும் ஒரே எண்ணாகக் கலந்துவிடுகின்றன. மாவட்டம் முழுவதற்குமான வரட்சி எச்சரிக்கைக்கு அது போதும். ஒரு பட்டியை எங்கே நகர்த்துவது என்று முடிவெடுக்கப் போதாது.

அமெரிக்காவின் லான்ட்சட் செய்மதித் தொடரின் பெறுமதி அதன் பழைய படங்களில் இருக்கிறது. 1972 இல் தொடங்கிய அத்தொடரில் 1982 முதல் 30 மீற்றர்த் தரவு சேர்ந்துள்ளது. 2008 முதல் அது இலவசமாகவும் கிடைக்கிறது. எந்தத் தரை எப்போது பயிர்நிலமானது என்ற கேள்விக்கு நான் முதலில் நாடுவது இதைத்தான்.

மாரிக்கு என் தெரிவு சென்டினல்-1 என்ற ராடார் செய்மதி. அதன் ராடார் அலை முகிலை ஊடுருவுவதால், மகாவலி வெள்ளச் சமவெளியின் வில்லுகள் எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகளில் நீர் எதுவரை ஏறியது, எப்போது வடிந்தது என்பதை மழை நாளிலும் காட்டும். நீர் வடியும் இடத்தில்தான் அடுத்த புல் துளிர்க்கிறது. எனினும் ராடார் சமிக்ஞை மண்ணின் ஈரத்தாலும் மாறுவதால், அதைக்கொண்டு புல்லின் நிறையை நேரடியாக மதிப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன். ட்ரோன் சிறு பரப்புக்கு மட்டுமே உதவும். அதற்கும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும்.

இவற்றுள் எதைத் தெரிவுசெய்தாலும், தாவரச் சுட்டிக்குப் பச்சை மட்டுமே தெரியும். மாட்டுக்கு நஞ்சாகும் நாயுண்ணிப் பற்றையும் நல்ல புல்லைப் போலவே உயர்ந்த பெறுமானம் காட்டும். ஆகவே படத்தை வகைப்படுத்தும் முன்னர், அந்தத் தரையில் மாடு மேய்ப்பவரோடு நடந்து, மாடு வாய்வைக்காத இடங்களை ஜிபிஎஸ் கருவியில் குறித்துவர வேண்டும். அந்தச் செலவையும் திட்டத்தின் முதல் வரவுசெலவுப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும்.